இடது காது போன கதை

உட்காருங்க தம்பி, உட்காருங்க. அந்த நாற்காலி ஒண்ணுதான் காலியா இருக்கு. ஆனா ஒண்ணு, நீங்க எனக்கு இடது பக்கம் உட்கார்றீங்க. இடது காது எனக்குச் சுத்தமாக் கேக்காது. வலது பக்கம் அந்தம்மா பிள்ளையைப் படுக்க வச்சிருக்கு, எழுப்ப முடியாது. பரவாயில்ல, நீங்க எங்க பேசப் போறீங்க, போனைத்தானே நோண்டப் போறீங்க.

அம்மாவைக் கூட்டிட்டு வந்தீங்களா? காதுல சீழா? அது சொட்டு மருந்துலயே போயிரும், பயப்படாதீங்க. என் காது அப்படியில்ல. எனக்குக் கடலுக்கு அடியில போச்சு.

சிரிக்காதீங்க தம்பி. நெசமாத்தான் சொல்றேன். திண்டுக்கல்காரனுக்குக் கடல் ஏதுன்னு நினைக்கிறீங்க. எல்லாம் மாப்பிள்ளை புண்ணியம். பொண்ணைச் சிங்கப்பூர்ல வேலை பார்க்குற பையனுக்குக் குடுத்தேன். தேன்மொழின்னு ஒரே பொண்ணு. மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, அதுல குறை சொல்ல மாட்டேன். குறையெல்லாம் அவுங்க அப்பா. தண்டபாணின்னு பேரு, பழனியில ஜவுளிக்கடை. கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு நான் அனுப்புன கார்ல ஏசி வேலை செய்யல. வெயில் காலம், எந்தக் கார்லதான் ஒழுங்கா வேலை செய்யுது? மனுசன் மண்டப வாசல்ல இறங்கி, அத்தனை பேருக்கு முன்னால, "என்ன சம்பந்தி, கரண்டு ஆபீஸ்ல இருந்தவர் வண்டியிலேயே ஏசி ஓடலையே"ன்னு சிரிச்சுக்கிட்டே கேக்குறாரு. நான் மின்வாரியத்துல உதவிச் செயற்பொறியாளரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். என் பேச்சுக்கு ஒரு ஊரே இருட்டாகும், ஒரு ஊரே வெளிச்சமாகும். என்ன செய்ய? பொண்ணைக் குடுத்தவன். நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். அந்தச் சிரிப்பு இன்னமும் நெஞ்சுக்குள்ள கிடந்து அறுக்குது.

அந்த மாப்பிள்ளைதான் இந்த வருசம் ரெண்டு வீட்டுப் பெரியவங்களையும் சேர்த்துப் பாலித் தீவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்கேர்ந்து வேகப்படகுல போனா இன்னொரு தீவு. செங்குத்தா பாறை, அதுக்கு அடியில கொம்புத் திருக்கை வரும்னு சொன்னாங்க. நம்ம திருக்கை மீன்தான் தம்பி. நம்ம மீன் மார்க்கெட்டுல வெட்டிக் குடுப்பானே, அந்தச் சாதிதான். ஆனா இது அறை அகலத்துக்கு இருக்குமாம், தலையில ரெண்டு கொம்பு, கொட்டாதாம், கடிக்காதாம். சிலிண்டரை முதுகுல கட்டிக்கிட்டு உள்ள போயி அதைப் பார்க்கணுமாம். நான் திருக்கையைக் குழம்புல பார்த்தாப் போதும்னு சொன்னேன். மாப்பிள்ளை சிரிச்சாரு. சம்பந்தி சட்டுனு, "நான் நத்தத்துல கிணத்துல குதிச்சு வளர்ந்தவன், எனக்கு ஒரு பயமும் இல்ல"ன்னுட்டாரு. அதுக்கப்புறம் நான் வரலன்னு சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்க. நானும் வர்றேன்னேன்.

சம்பந்தியம்மாவுக்கு முட்டிவலி, படகுல சும்மா வர்றேன்னாங்க. என் வீட்டுக்காரி மங்கையர்க்கரசிக்கும் சேர்த்து மாப்பிள்ளை ஏற்கெனவே பதிவு பண்ணிட்டாரு. நான் வேணாம்னு சொல்லியிருப்பேன், என்னைய யாரும் கேக்கல.

காலையில முதல்ல நீச்சல் குளத்துல பாடம். சொல்லிக் குடுக்க வந்தது ஒரு பொண்ணு. கடெக்னு பேரு, நம்ம தேன்மொழியை விடச் சின்னது. இங்கிலீஷ்ல சொல்லும், தேன்மொழி எங்களுக்குத் தமிழ்ல சொல்லும். கீழ போகப்போகக் காது அடைக்குமாம், மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஊதணுமாம், வலிச்சா உடனே கையை இப்படி ஆட்டிக் காதைக் காட்டணுமாம், மேல கூட்டிட்டு வந்துருமாம். இதெல்லாம் எனக்குப் படகுல போறப்ப மங்கை சொல்லித்தான் தெரியும். பாடம் நடக்குறப்ப நான் குளத்தை ஒட்டி இருந்த அவுங்க கடைச் சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். குளத்துத் தண்ணிக்குப் பக்கத்துலயே மோட்டார் லைன் போகுது, எர்த்தே இல்ல. எப்பேர்ப்பட்ட ஆபத்து தெரியுமா? சொன்னேன். ஒருத்தரும் காதுல வாங்கல. கரண்டைப் பத்தி நான் சொன்னா அவுங்க கேக்க மாட்டாங்க, மூச்சு விடுறதைப் பத்தி அந்தப் பொண்ணு சொன்னா நான் கேக்கணும்.

மங்கை எல்லாத்தையும் செஞ்சா. அவளுக்கு நீச்சல் தெரியாது, ஆனா தண்ணிக்கு அடியில உட்கார்ந்து குமிழ் குமிழா விட்டுக்கிட்டு இருந்தா. கடெக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாக்கி நல்லா இருக்கீங்களான்னு கேக்கும். இவளும் பதிலுக்கு வட்டம் காட்டுறா. சின்னப்பிள்ளை மாதிரி. உடம்போட ஒட்டுற கறுப்பு ரப்பர் உடுப்பு வேற. சம்பந்தி பக்கத்துல நிக்கிறாரு. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. குளத்தை விட்டு ஏறுனதும் தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஆசை தீர்ந்துச்சில்ல? கடல்ல நீ படகுலயே உட்காரு. என் கண்ணாடி, கடிகாரம், பர்ஸை எல்லாம் யாரு வச்சிருப்பா?"

அவ தலையைத் துவட்டிக்கிட்டே போயிட்டா. அவ எப்பவுமே எதிர்த்துப் பேச மாட்டா. கல்யாணமான நாள்லேர்ந்து இது வேணும் அது வேணும்னு கேட்டதே கிடையாது. ஒரு தடவை கன்னியாகுமரிக்குப் போகணும்னு கேட்டா, அப்ப ஆபீஸ்ல ஆடிட். தையல் கடை வைக்கணும்னு ஒரு தடவை கேட்டா, எதுக்கு வம்புன்னு விட்டாச்சு. அவுங்க அம்மா கூட ராமேசுவரம் போகணும்னு கேட்டப்ப எனக்கு மஞ்சக் காமாலை. மத்தபடி ஒண்ணும் கேட்டதில்ல. அப்படிப்பட்ட குணம்.

ஆனா பாருங்க, படகுல அவ அந்த ரப்பர் உடுப்பைக் கழட்டவே இல்ல. மேல துப்பட்டாவைப் போத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தா. ஏன்டி, கழட்ட வேண்டியதுதானேன்னேன். ஈரமா இருக்குன்னா. ஈரமா இருந்தாத்தானே கழட்டணும்?

சரி, இப்ப சொல்லப் போறது உங்களோட இருக்கட்டும். எனக்கு மேல் வரிசையில முன்பல்லு ரெண்டும் கட்டுன பல்லு. ஸ்கூட்டர்ல விழுந்தப்பப் போனது. எனக்கும் மங்கைக்கும் பல் டாக்டருக்கும் தவிர யாருக்கும் தெரியாது, பொண்ணுக்கே தெரியாது. மூச்சுக் குழாயைப் பல்லால கடிச்சுப் பிடிக்கணும், கட்டுன பல்லு இருந்தா கழட்டிருங்கன்னு அந்தப் பொண்ணு பொதுவாச் சொல்லுது. அந்தப் பக்கமாத் திரும்பிக் கழட்டி, டிஷ்யூல சுத்தி மங்கை கையில வச்சு மூடிட்டேன். பத்திரம்னேன். வாயைத் திறக்காம அவசரமாக் குழாயைக் கவ்விக்கிட்டேன்.

மாப்பிள்ளையும் பொண்ணும் ஏற்கெனவே பழகினவங்க, அவுங்க வேற ஆளோட முன்னாடியே இறங்கிட்டாங்க. கடெக்கோட நானும் சம்பந்தியும். ஒரு கையில என்னைப் பிடிச்சிருக்கு, ஒரு கையில அவரை. ஒரு கயிறு தொங்குது, அதைப் பார்த்து மெல்ல மெல்ல இறங்குறோம். தண்ணி ஜில்லுன்னு இருக்கு. அலை மேல, கீழ ஒண்ணும் தெரியல, ஒரே நீலம். கொஞ்ச தூரத்துலயே காது அடைச்சுது. அப்புறம் வலி. ஊசி வச்சுக் குத்துற வலி தம்பி. அந்தப் பொண்ணு என்னையப் பார்த்து வட்டம் காட்டுது, நல்லா இருக்கீங்களா? நான் திரும்பிச் சம்பந்தியைப் பார்த்தேன். மனுசன் மூக்கைப் பிடிச்சு ஊதிட்டு ஜம்முனு மிதக்குறாரு. கிணத்துல குதிச்சு வளர்ந்தவராச்சே.

இப்ப நான் கையை ஆட்டுனா என்ன ஆகும்? மூணு பேரும் மேல போகணும். என்னாலதான் போச்சுன்னு ஆகும். பழனியில கடையில உட்கார்ந்து வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்லுவாரு, கரண்டு ஆபீஸ்காரரு காது வலிக்குதுன்னு பாதியில ஏறிட்டாருன்னு. கல்யாணத்துல குனிஞ்சது போதும், தண்ணிக்குள்ளயாவது நிமிர்ந்து நிப்போம்னு நினைச்சேன். மூக்கைப் பிடிக்கக்கூட இல்ல. வட்டம் காட்டினேன். நல்லா இருக்கேன்.

அந்தப் பொண்ணு நம்பிருச்சு. அதுவும் ஒரு வாத்தியாரா? வலிக்கிறவன் முகத்தைப் பார்த்தாத் தெரியாதா?

இன்னும் கொஞ்சம் இறங்கினோம். காதுக்குள்ள பட்டுனு ஒரு சத்தம். வலி நின்னுபோச்சு. அப்பாடான்னு நினைச்சேன், அதுக்குள்ள குளுந்த தண்ணி மண்டைக்குள்ள ஏறுது, கடலே தட்டாமாலை சுத்துது. எது மேல எது கீழன்னு தெரியல. நான் அந்தப் பொண்ணைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்னு சம்பந்தி சொல்றாரு. எனக்கு ஞாபகம் இல்ல. எப்படி மேல கொண்டாந்துச்சோ, படகுல கிடத்திருக்கு, நான் வாந்தி எடுக்குறேன். காதுலேர்ந்து ரெண்டு சொட்டு ரத்தம்.

போன் அடிக்குது பாருங்க தம்பி, உங்க பைக்குள்ள. எடுங்க. வீட்லேர்ந்தா இருக்கப்போகுது. நான் இங்கதான் இருப்பேன், டோக்கன் வர நேரமாகும்.

முடிஞ்சுதா? ம். எங்க விட்டேன்? படகுல கிடக்கேன். மங்கை துப்பட்டாவால என் காதைத் துடைச்சா, தலையைப் பிடிச்சுக்கிட்டா. அதெல்லாம் செஞ்சா, இல்லைன்னு சொல்லல. கடெக் வந்து லைட் அடிச்சுப் பார்த்துச்சு. ஜவ்வுல ஓட்டை விழுந்திருக்கும், உயிருக்கு ஒண்ணுமில்ல, இனிமே இன்னைக்குத் தண்ணியில இறங்கக்கூடாது, கரைக்குப் போனதும் டாக்டர்கிட்டக் காட்டணும்னுச்சு. படகு எப்படியும் கீழ போனவங்க வர்ற வரைக்கும் நிக்கத்தான் வேணும். அதனால சம்பந்தியைத் திரும்பக் கூட்டிட்டுப் போகுதாம். ஒரு இடம் காலி. அந்தப் பொண்ணு மங்கையைப் பார்த்து, நீங்க வர்றீங்களாங்குது.

நான் கண்ணை மூடிக் கிடக்கேன், ஆனா எல்லாம் கேக்குது. சம்பந்தி சொல்றாரு, "வாங்க தங்கச்சி, நல்லாப் பழகியிருக்கீங்களே, நான் இருக்கேன்ல." அவருக்கு என்ன வந்துச்சு? நான் கண்ணைத் திறந்து மங்கையைப் பார்த்தேன். அவளும் என்னையப் பார்த்தா. நான் வேணாம்னு சொன்னேன். பல்லு இல்லாம வார்த்தை கொஞ்சம் வழுக்கும், ஆனா நல்லாச் சத்தமாத்தான் சொன்னேன். படகுக்காரனே திரும்பிப் பார்த்தான்.

அவ என்ன செஞ்சா தெரியுமா தம்பி? என் கண்ணாடி, கடிகாரம், பர்ஸ் எல்லாத்தையும் அள்ளிச் சம்பந்தியம்மா மடியில வச்சா. அது மேல அந்த டிஷ்யூவையும் வச்சா. வச்சுட்டுச் சொல்றா, "இதைக் கொஞ்சம் பார்த்துக்கங்க மதினி. காத்துல பறந்துறப் போகுது, உள்ள அவரோட பல்லு இருக்கு."

இத்தனை வருசமா மூடி மூடி வச்சது. சம்பந்தியம்மா மடியில. சம்பந்தி பக்கத்துல நிக்கிறாரு. அவர் சிரிச்சிருந்தாக்கூட ஆறியிருக்கும். சிரிக்கல. வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு. எனக்காகத் திரும்பிக்கிட்டாரு, அதைத்தான் தாங்க முடியல.

படகு விளிம்புல கடலுக்கு முதுகைக் காட்டி உட்காரணும், அப்படியே பின்னால விழணும். அதான் முறை. அதனால போறப்ப அவ என்னையப் பார்த்துக்கிட்டேதான் போனா. முகத்துல கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. முகத்துல மாட்டுன தண்ணிக் கண்ணாடியை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு விழுந்தா. தண்ணி மூடிருச்சு.

ரத்தம் வர்ற காதோட புருசன் கிடக்கான். எந்தப் பொம்பளை போவா? சம்பந்தியம்மா எனக்கு வாந்திக்குப் பை பிடிச்சாங்க தம்பி. பொண்ணைக் குடுத்த வீட்டுக்காரன் நான், மாப்பிள்ளையோட அம்மா எனக்குப் பை பிடிக்கிறாங்க. பழனிக்காரங்க முன்னாடி இதுக்கு மேல நான் குனிய என்ன இருக்கு?

ரொம்ப நேரம் கழிச்சு வந்தாங்க. முதல்ல மங்கைதான் ஏறினா. முகத்துல கண்ணாடி அழுத்துன தடம் வட்டமா இருக்கு. அழுதாளா சிரிச்சாளான்னு தெரியல, ரெண்டும் மாதிரி இருந்துச்சு. சம்பந்திக்குத் தலைகால் புரியல. "சம்பந்தி, உங்க வீட்டம்மாவுக்கு அசாத்தியத் துணிச்சல். அஞ்சு திருக்கை வந்துச்சு. ஒண்ணு தங்கச்சி தலைக்கு நேர் மேல வந்து அப்படியே நின்னுச்சு"ங்குறாரு. நான் அவளைப் பார்த்துக் கேட்டேன். "எனக்குக் காது போச்சு, உனக்குத் திருக்கை கேக்குதா?"

நியாயமான கேள்விதானே? அவ சம்பந்தியம்மா மடியிலேர்ந்து பல்லை எடுத்து என் கையில குடுத்துட்டுப் போயித் தேன்மொழி பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டா.

ஊருக்கு வந்து மூணு மாசம் ஆகுது. தெருவுக்கே திருக்கைக் கதை தெரியும். பால்காரருக்குத் தெரியும், பூக்காரிக்குத் தெரியும். எனக்குச் சொன்னாளா? இல்ல. அன்னைக்கு ஒரு மத்தியானம் கட்டில்ல படுத்திருந்தேன், வலது பக்கமா ஒருக்களிச்சு. கொல்லைப்பக்கம் எதிர்வீட்டு ராஜாத்தியோட பேசிக்கிட்டு இருக்கா. "எம்மாம் பெருசு தெரியுமா அக்கா. என் மேல நிழல் விழுகுது. அதுக்கு இந்தப் பக்கம் ஒரு கண்ணு, அந்தப் பக்கம் ஒரு கண்ணு. ஒரு கண்ணால என்னையப் பார்த்துச்சு. நானும் பார்த்தேன். அதுக்கு என்கிட்ட ஒண்ணும் வேண்டியதில்ல அக்கா. சும்மா பார்த்துச்சு." அதுக்கு ராஜாத்தி மூக்கை உறிஞ்சுறா. இதுல அழுக என்ன இருக்கு? மீன் பார்த்துச்சாம்.

சரி, காது விசயத்துக்கு வர்றேன். எங்க வீட்ல சாயங்காலம் சோபாவுல நான் இந்தப் பக்கம், அவ எனக்கு இடது பக்கம். கல்யாணமானதுலேர்ந்து அதான் இடம். முன்னாடியெல்லாம் வாய் ஓயாது அவளுக்கு. கத்திரிக்காய் சொத்தை, தம்பி மகன் படிக்கல, மேல் வீட்டுத் தண்ணி ஒழுகுது, அதுவும் இதுவும். அவ பாட்டுக்குப் பேசுவா, நான் பாட்டுக்கு டிவியில செய்தி பார்ப்பேன். என்னத்தைப் பேசினாள்னு கேட்டாச் சொல்லத் தெரியாது, ஆனா சத்தம் இருக்கும். மழை பெய்யுற மாதிரி, அது பாட்டுக்கு இருக்கும்.

இப்ப அந்தச் சத்தம் இல்ல தம்பி. அதே இடத்துலதான் உட்கார்றா, அதே நேரத்துக்கு. சாப்பாட்டு நேரத்துல எதிர்ல வந்து நின்னு சாப்பிட வாங்கன்னா கேக்குது. பக்கத்துல உட்கார்ந்தா ஒண்ணும் கேக்கல. அப்ப இடது காது போச்சுன்னுதானே அர்த்தம்?

திண்டுக்கல்ல ஒரு டாக்டர், சின்னப் பையன். போன வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள உட்கார வச்சு, ஹெட்போன் மாட்டிக் கூ கூன்னு சத்தம் விட்டுப் பார்த்தான். பார்த்துட்டு, "சார், ஜவ்வு தானா மூடிருச்சு. ரெண்டு காதும் ஒண்ணாத்தான் கேக்குது. இந்த வயசுக்கு இவ்வளவு நல்லாக் கேக்குறதே பெருசு"ங்குறான். என்னய்யா சொல்ற, என் பெண்டாட்டி பக்கத்துல உட்கார்ந்து பேசுறது எனக்குக் கேக்கலங்கிறேன். அவன் அடுத்த ஆளைக் கூப்பிடுறான். அவனை நம்பிப் பிரயோசனம் இல்லைன்னுதான் மதுரைக்குப் பஸ் ஏறி இங்க வந்து உட்கார்ந்திருக்கேன். தனியாத்தான் வந்தேன். அவளைக் கூப்பிட்டேன், கார்ப்பரேசன் நீச்சல் குளத்துல பொம்பளைங்களுக்கு வகுப்பு இருக்காம், இன்னைக்கு விட முடியாதாம்.

என்ன கேட்டீங்க? அவ பேசுறாளான்னா? பேசாம எங்க போவா?

இல்ல, நீங்க கேக்குறது புரியுது. வாய் அசையுதான்னு பார்த்தேனான்னுதானே கேக்குறீங்க.

திரும்பிப் பார்க்கல தம்பி. நான் டிவியைத்தானே பார்த்துக்கிட்டு இருப்பேன்.

அதெல்லாம் பேசித்தான் இருப்பா. இருபத்தெட்டு வருசம் பேசினவ எப்படி நிறுத்துவா? காதுதான் போச்சு. நீங்க சின்னப்பிள்ளை, உங்களுக்குத் தெரியாது.

இந்தா, கூப்பிடுறாங்க. ஆமாம்மா, சிவப்பிரகாசம் நான்தான், வர்றேன். தம்பி, இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கங்க. உள்ள இருக்குறவரு பெரிய டாக்டர்னு சொன்னாங்க. இவராவது இடது காது போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா, நான் நிம்மதியா வீட்டுக்குப் போயிருவேன்.